ஐந்து பேர், மூன்று மணி நேரம்: யாருக்கு எப்போது முறை?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிப்பது என்று எங்கள் மேசையில் ஒரு ஏற்பாடு. கணக்குக்கு 180 நிமிடம். தாமதமாக வருகிறவர், டீ, பஜ்ஜி, 'போன வாரம் எங்கே விட்டோம்' என்ற விசாரணை எல்லாம் கழித்தால் 150. அதில் பாதி நேரம் நானே பேசுவேன். ஆட்டத்தை நடத்துகிறவன் வாயைத் திறக்காமல் குகையும் வராது, பூதமும் வராது. மிச்சம் 75. பங்கு போட்டால் ஆளுக்கு 15 நிமிடம். இந்த 15 நிமிடத்துக்காக ஒருத்தர் முக்கால் மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: ஜிஎம் என்பவர் உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர், 'இப்போ நீ என்ன பண்றே?' என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலும் பகடையும் சேர்ந்துதான் கதை. அந்தக் கேள்வி யாரிடம் போகிறதோ அவர்மேல்தான் ஸ்பாட்லைட்.

ஒரு வாரம் குறிப்புத் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். யார் ஒரு முடிவு எடுத்தாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. (ஆட்களை அவரவர் கேரக்டரின் தொழிலை வைத்தே சொல்கிறேன்.) சண்டைக்காரரான ஃபைட்டருக்கு 23. காயம் ஆற்றும் பூசாரியான கிளெரிக்குக்கு நாலு. அந்த நாலில் மூன்று, 'யாருக்காவது ஹீல் பண்ணணுமா?' என்று நானே கேட்டதற்கு அவள் சொன்ன 'சரி'.

ஃபைட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் என் பெரியப்பா மகன், மேசையில் மூத்தவர், உறவுக்காரர் அல்லாதவர்களுக்கும் அவர் அண்ணாதான். மேசையில் நாலு நொடி மௌனம் விழுந்தால் அவரால் தாங்க முடியாது, உடனே கதவை உதைப்பார். மந்திரவாதியான விசார்டுக்கு ரூல்புக் மனப்பாடம். திருட்டுக் கைக்காரனான ரோக் எப்போதும் தனியாக எங்கேயாவது நழுவுவான். காட்டு மந்திரக்காரியான டிரூயிட் என் தங்கை. கிளெரிக் அவளுடைய தோழி. நாங்கள் பேசுவது தமிழ், விதிகள் இருப்பது இங்கிலீஷில். யார் அந்த வார்த்தைகளைத் தயங்காமல் சொல்கிறாரோ அவர் முந்திவிடுகிறார். வயதில் மூத்தவர் பேசும்போது குறுக்கே போகாத வளர்ப்பு வேறு. ஆக, எங்கள் மேசையில் முறை என்பது பகடையால் மட்டும் தீர்வதில்லை.

இதைச் சரிசெய்ய ஐந்தாறு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். எது எந்த மேசைக்குப் பொருந்தும் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும்.

சண்டைக்கு மட்டும் வரிசை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிற பெரும்பாலான மேசைகள் இதில்தான் இருக்கின்றன. சண்டை வந்தால் இனிஷியேட்டிவ்: எல்லோரும் 20 பக்கப் பகடையை உருட்டி, டெக்ஸ்டெரிட்டிக்கான (சுறுசுறுப்பு) கூடுதல் எண்ணைக் கூட்டி, பெரிய எண் முதலில். சண்டை இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், அதாவது குரல் பெரிதாக இருக்கிறவர் பேசலாம்.

இந்த ஆட்டம் 1974-இல் வந்தபோது இருந்ததற்கு இது ஒரு முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த அதன் பேசிக் பெட்டியில்கூட 'காலர்' என்று ஒரு பதவி உண்டு. எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், ஜிஎம்மிடம் அதைச் சொல்வது காலர் ஒருவர்தான். பெரிய கூட்டத்தை நடத்த வசதிதான். எங்கள் மேசையில் அதைக் கொண்டுவந்தால் யார் காலர் என்று தேர்தல் நடத்தத் தேவையே இருக்காது.

இனிஷியேட்டிவ் எண்ணிக்கையைச் சமமாக்கும், நேரத்தை ஆக்காது. இதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் 'கான்ஜர் அனிமல்ஸ்' என்று ஒரு மந்திரம். என் தங்கைக்குப் பிடித்தது. எட்டு ஓநாய்கள் வரும். ஓநாய்களுக்குக் கூட்டமாகத் தாக்கும் சலுகை இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்க வேண்டும். ஒரே முறையில் 16 பகடை, அப்புறம் எட்டு ஓநாயையும் எங்கே நிறுத்துவது என்ற யோசனை, அப்புறம் சேதக் கணக்கு. அவள் முடிக்கும்போது ரோக் கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பான். 2024-இல் திருத்திய பதிப்பில் எட்டு விலங்குகளை எடுத்துவிட்டு ஒரே மந்தையாக ஆக்கிவிட்டார்கள். புதிய விதிக்கு மாறுவோமா என்று தயங்குகிற மேசைகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதும் என்பேன். தங்கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எப்போதும் வரிசை

2023-இல் கெல்சி டியான் கொண்டுவந்த ஷேடோடார்க் என்ற ஆட்டத்தில் வரிசை எப்போதும் உண்டு, சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எல்லோரும் உருட்டுகிறார்கள், பெரிய எண் வந்தவர் முதலில், அவரிடமிருந்து கடிகாரச் சுற்றில் மேசையைச் சுற்றி வரும். ஜிஎம் பட்டியல் எழுத வேண்டாம். பக்கத்து ஆள் ஆடுகிறாரா, அடுத்தது நாம். அந்த ஆட்டத்தில் தீப்பந்தம் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் எரியும் என்பதால் இழுத்தடிக்கவும் யாருக்கும் மனம் வராது.

விதியை மட்டும் கடன் வாங்கி மூன்று வாரம் ஆடினோம். கிளெரிக்கின் கோடு நாலிலிருந்து 11 ஆனது. யாரும் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவளும் யாருடைய பேச்சையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. கூச்சமுள்ள ஒருவரை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு உதவி மாதிரி இருக்காது, வகுப்பில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். வரிசை அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

நாலாவது வாரம் அரசவைக் காட்சி வந்தது. மந்திரி அண்ணாவின் கேரக்டரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். பதில் சொல்ல அண்ணாவின் முறை வரவேண்டும். இடையில் நாலு பேர். ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், ஒருவர் தூணைத் தடவுகிறார், ஒருவர் 'நானும் ஜன்னலைப் பார்க்கறேன்' என்கிறார். பந்தியில் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் எல்லா இலையிலும் ஒரே கரண்டி பாயசம் ஊற்றிக்கொண்டு போவதுபோல ஆகிவிட்டது. மந்திரிக்குப் பதில் கிடைத்தபோது அவர் என்ன கேட்டார் என்று எனக்கே மறந்துவிட்டது.

குகை, பொறி, காவலாளி என்று நிமிடத்துக்கு நிமிடம் ஆபத்து இருக்கிற இடத்தில் இது பிரமாதம். இரண்டு பேர் பேசி மனம் மாற வேண்டிய இடத்தில் இது முட்டுக்கட்டை.

ஆன்லைனில் ஆடுகிறவர்கள் மட்டும் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கார்ட் குரல் அரட்டையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கேட்காது, 'நீங்க சொல்லுங்க', 'இல்ல நீங்க சொல்லுங்க' என்றே பாதி மாலை போகும்.

கைமாற்றிவிடுவது

2012-இல் வந்த மார்வெல் ஹீரோயிக் ரோல்பிளேயிங்கில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. தன் முறையை முடித்தவர் அடுத்தது யார் என்று தானே சொல்கிறார். ரவுண்டில் கடைசியாக ஆடியவர் அடுத்த ரவுண்டை யார் தொடங்குவது என்று தீர்மானிக்கிறார், தன்னையேகூடச் சொல்லிக்கொள்ளலாம். அதனால் நாயகர்கள் எல்லாரும் ஆடிவிட்டுக் கடைசியில் வில்லன்களை விட்டுவைத்தால், வில்லன்கள் இந்த ரவுண்டின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் அடுத்தடுத்து அடிப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதே தந்திரமாகிவிடும். காத்திருக்கிறவர்களும் கவனமாக இருப்பார்கள். இதைப் பாப்கார்ன் இனிஷியேட்டிவ் என்று செல்லமாகச் சொல்வதுண்டு.

காகிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மேசையில் நடந்தது வேறு. கிளெரிக் தன் முறையை முடித்தாள். 'அடுத்து யாரு?' என்றேன். 'அண்ணா, நீங்க போங்க.' தங்கை முடித்தாள். 'அண்ணா ஏற்கெனவே ஆடிட்டாரா? சரி, அப்போ விசார்ட்.' அதற்கப்புறம் ஒவ்வொரு ரவுண்டிலும் கிளெரிக் நாலாவதோ ஐந்தாவதோ, எதிரி செத்து விழுந்தபிறகு. யாரும் அவளை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. முறையைக் கொடுக்கும் உரிமையை மேசைக்குக் கொடுத்தால், மேசைக்கு வெளியே இருக்கிற மரியாதை வரிசை அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சம வயது நண்பர்கள், பல வருடப் பழக்கம் என்றால் பரிந்துரைப்பேன். சொந்தக்காரர்களும் மேலாளரும் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு வேண்டாம்.

இதே குறையைச் சீட்டு கொண்டு தாண்டுகிறது சாவேஜ் வேர்ல்ட்ஸ்: ஜோக்கர்களோடு 54 சீட்டு, ஒவ்வொரு ரவுண்டும் புதிதாகப் போட்டு வரிசை மாறும், ஜோக்கர் கிடைத்தவர் நினைத்த நேரத்தில் குதிக்கலாம். சண்டைக்கு உற்சாகம்தான். பேச்சுக் காட்சிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சோழி

2025 மே மாதம் டாரிங்டன் பிரஸ் வெளியிட்ட டேகர்ஹார்ட்டில் இனிஷியேட்டிவே இல்லை. 12 பக்கப் பகடை இரண்டை உருட்டுகிறோம், ஒன்று நம்பிக்கை, மற்றது அச்சம். அச்சப் பகடை பெரிதாக வந்தாலோ முயற்சி தோற்றாலோ ஸ்பாட்லைட் ஜிஎம்முக்குப் போகும். ஆட்டக்காரர்களுக்குள் யார் எப்போது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இது எல்லா மேசைக்கும் ஒத்துவராது என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, அதனால் விருப்பமிருந்தால் பயன்படுத்தலாம் என்று ஒரு துணைக்கருவி கொடுத்திருக்கிறார்கள்: ஆளுக்கு மூன்று டோக்கன், ஸ்பாட்லைட்டை எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும், தீர்ந்தவர் மற்றவர்களுடையதும் தீரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு எல்லோருக்கும் மறுபடி மூன்று.

டோக்கனுக்குப் பாட்டியின் பல்லாங்குழிச் சோழிகளை எடுத்துக்கொண்டேன். முதல் அரை மணியில் அண்ணாவின் மூன்றும் போய்விட்டன. அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஏதாவது நடக்கும்போதெல்லாம் அவர் கை சோழி இருந்த இடத்துக்குப் போகும், வெறும் மேசையைத் தொடும், திரும்பி டீ டம்ளருக்குப் போகும். தான் எவ்வளவு பேசுகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் அவராகவே ஒரு சோழியைக் கடைசிவரை வைத்திருந்தார்.

எதிர்ப்பக்கம் கிளெரிக் முன்னால் மூன்று சோழியும் அப்படியே இருந்தன. நாலு பேர் கையும் காலி. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். 'நீ செலவு பண்ணாதான் எங்களுக்குத் திரும்ப வரும்' என்றான் ரோக், விளையாட்டாகத்தான். அவள் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, கதவைத் திற, உள்ளே பார், பின்னால் வா என்று இரண்டே நிமிடத்தில் தள்ளிவிட்டாள். எண்ணிக்கை சமமானது. அவள் முகத்தில் இருந்தது வரி கட்டிய நிம்மதி.

ஆகவே சோழி, அதிகம் பேசுகிறவர்களுக்கான மருந்து. மேசையில் அவர்கள் இருவரோ மூவரோ இருந்து, மற்றவர்கள் வாய்ப்புக்காக ஏங்குகிறார்கள் என்றால் நாலு வாரம் கொடுங்கள், வேலை செய்யும். பேசத் தயங்குகிறவருக்கு இதைக் கொடுத்தால் பக்கவிளைவுதான்.

வாரத்துக்கு ஒருவர்

இதுவரை சொன்னதெல்லாம் நிமிடக் கணக்கு. அதை விட்டுவிட்டு வாரக் கணக்குக்குப் போகலாம் என்கிறது மேட் வில்சனின் பிரைம்டைம் அட்வென்ச்சர்ஸ் (2004). அது டிவி தொடர் மாதிரியே ஆடுவது. ஒரு சீசனுக்கு ஐந்தோ ஒன்பதோ எபிசோடு. ஒவ்வொரு எபிசோடிலும் ஒவ்வொரு கேரக்டருக்கும் திரையில் எவ்வளவு இடம் என்று 1 முதல் 3 வரை முன்கூட்டியே எண் போட்டுவிடுவார்கள். 3 வந்தால் அது அவருடைய எபிசோடு. 1 வந்தால் அன்று அவர் துணைப் பாத்திரம், அதில் அவமானம் ஒன்றுமில்லை, அவருடைய வாரம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கும் முன்னால், 1987-இல் வந்த ஆர்ஸ் மாஜிகாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும் உண்டு, வேலையாட்கள் எல்லோருக்கும் பொது. ஒருவர் தன் மந்திரவாதியோடு பயணம் போகும்போது மற்றவர்கள் துணைவரையோ வேலையாளையோ எடுத்து ஆடுவார்கள்.

வாராவாரம் ஐந்து பேரும் வருவார்கள் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, ரிலீஸ் இருக்கிறது என்று ஆபீஸில் பிடித்துவைத்தது, ஏதாவது ஒன்று இருக்கும். ரோக்கின் வாரத்தில் ரோக் வரவில்லை என்றால் நான் தயாரித்து வைத்ததெல்லாம் வீண். அதனால் 'இந்த வாரம் இவர்' என்று அறிவிக்காமல், அடுத்து யார் என்ற பட்டியலை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். அன்று வந்திருப்பவர்களில் நீண்ட நாள் காத்திருப்பவருக்கு முதல் இடம்.

காதை நம்புவது

கடைசியில் நான் வந்து நின்றது பழைய வழியில்தான்: வரிசை இல்லை, டோக்கன் இல்லை, ஜிஎம்மே பார்த்துக் கொடுப்பது. வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய அபோகலிப்ஸ் வேர்ல்டில் (2010) சண்டைக்குக்கூட வரிசை கிடையாது. ஆட்டக்காரர் பெயரைச் சொல்லாமல் கேரக்டரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறது அது. சாதாரணமாகத் தெரியும், ஆனால் எங்கள் மேசையில் அண்ணாவை 'அண்ணா' என்று கூப்பிடாமல் அவருடைய வாள்வீரனின் பெயரைச் சொன்னதும், மற்றவர்களும் அந்த வாள்வீரனிடம் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அண்ணாவை எதிர்க்க முடியாது. வாள்வீரனை எதிர்க்கலாம்.

காதுக்கு ஒரு பெரிய குறை உண்டு. இரண்டாவது மணி நேரத்தில் ஜிஎம் களைத்துவிடுவார், களைத்த காது சத்தத்தின் பக்கம்தான் சாயும். அதற்குத்தான் கோடு போடும் தாள். இப்போதும் போடுகிறேன், யாருக்கும் காட்டுவதில்லை. ஐந்து மணிக்கு ஒருமுறை பார்ப்பேன், குறைந்த கோடு யாருக்கோ அடுத்த காட்சி அவருடையது. உட்காரும் இடத்தையும் மாற்றினேன். நிறையப் பேசுகிறவர்கள் எனக்கு இரு பக்கமும், கிளெரிக் எனக்கு நேர் எதிரே. நிமிர்ந்தால் முதலில் அவள் முகம்தான் தெரியும்.

கேட்கும் விதம் இதைவிட முக்கியம். 'நீ என்ன பண்றே?' என்று அவளைக் கேட்டால் 'அவங்க பின்னாடியே போறேன்' என்பாள், எத்தனை முறை கேட்டாலும். ஒரு வாரம் இப்படிச் சொன்னேன்: 'கோயில் கதவுல உன் சாமியோட சின்னத்தைத் தலைகீழா செதுக்கியிருக்காங்க. பூசாரி மத்தவங்க யாரையும் பார்க்கல. உன்னையே பார்க்கிறார். அவர் கையில கத்தி இருக்கு, ஆனா அவர்தான் அழுறார்.' அவள் பகடையைத் தொடாமல் பத்து நிமிடம் பேசினாள். அண்ணா நடுவில் ஒருமுறை வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்துக்கு என் தாளில் ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. கோடு எண்ணுவதன் எல்லையும் அதுதான்.

ரோக் தனியாக நழுவும் பிரச்சினைக்கும் காதுதான் உதவியது. ஒருவன் கூரைமேல் ஏறி உளவு பார்க்கிறான், நாலு பேர் கீழே காத்திருக்கிறார்கள். சைபர்பங்க் ஆட்டங்களில் நெட்ரன்னர் என்னும் ஹேக்கர் தனியாக வலைக்குள் போனால் மற்றவர்கள் பீட்சா வாங்கப் போய்விடுவார்கள் என்பது பழைய கிண்டல். 2020-இல் வந்த சைபர்பங்க் ரெட் இதை விதியாலேயே தீர்த்தது: நுழைவுப் புள்ளிக்கு ஆறு மீட்டருக்குள் இருந்தால்தான் நெட்ரன்னரால் வேலை செய்ய முடியும், அதனால் அவர் கூட்டத்தோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். என்னிடம் அப்படி விதி இல்லை. எனக்குக் கைகொடுத்தது கச்சேரி.

தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கம் கொஞ்ச நேரம், கடம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி வாசிப்பார்கள். அப்புறம் குறைப்பு வரும். ஒவ்வொருவர் பங்கும் சிறிதாகி, இன்னும் சிறிதாகி, இரண்டும் நெருங்கி, மோரா, கோர்வை என்ற முடிப்புகளுக்கு ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கூட்டம் பிரிந்தால் நான் அப்படித்தான் வெட்டுகிறேன். கூரைமேல் ஐந்து நிமிடம். கீழே ஐந்து. ஓடு நழுவுகிறது, மூன்று நிமிடம். கீழே காவலாளி நிமிர்ந்து பார்க்கிறான், மூன்று. பிறகு ஒன்று, ஒன்று, பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். கடைசியில் ரோக் காவலாளியின் தலைமேலேயே விழுந்தான். எல்லோரும் ஒரே காட்சியில். பகடை விழுகிற நேரத்தில் வெட்டுவது இதில் நுணுக்கம். 'உருட்டு. இரு, என்ன வந்ததுன்னு அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுக் கீழே போனால், காத்திருப்பவனும் மேசையை விட்டு நகர மாட்டான்.

முதல்முறை ஜிஎம் ஆகிறவர் காதை நம்ப வேண்டாம், எப்போதும் வரிசையில் ஆரம்பிக்கட்டும். சமாளிக்க வேறு நூறு விஷயம் இருக்கும்போது இது ஒன்றாவது தானாக நடக்கும். முன்பின் தெரியாதவர்கள் கூடும் ஒருநாள் ஆட்டத்துக்கும் அதே. ஜிஎம்மே வேண்டாம் என்பவர்கள் ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோவை (2009) எடுக்கலாம், அதில் ஒவ்வொருவருக்கும் காட்சி முறைப்படி வந்துவிடும், ஒரே மாலையில் கதையும் முடிந்துவிடும். எங்கள் மாதிரி ஒரே கூட்டம் மாதக்கணக்கில் ஆடினால் காது, தாள், காத்திருப்போர் பட்டியல், குகைக்குள் மட்டும் சுற்றுவரிசை. சோழிகள் டப்பாவில் இருக்கின்றன. ரோக் இப்போது அதில் தங்கக் காசுக் கணக்கு வைத்திருக்கிறான்.

போன வாரம் சித்தி மகன் தானும் ஆட வருகிறேன் என்றான். ஆறு பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டரை நிமிடம். எந்த முறை வைத்தாலும் அந்த இரண்டரை நிமிடம் யாரிடமிருந்தாவது போக வேண்டும். என்னுடையதிலிருந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கேரக்டர் எதுவும் வேண்டாம், அரக்கர்களை நீ ஆடு என்று சொல்லியிருக்கிறேன். முதல் வேலையாகத் தங்கையின் ஓநாய்களை எப்படித் தீர்த்துக்கட்டுவது என்று அவன் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டான்.